காட்டு விலங்குத் திகில் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளைத் துரத்தும் புலியைப் பார்த்து நாம் பயப்பட வேண்டுமானால், அந்தப் புலியால் எது முடியும், எது முடியாது என்பது கதை முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த நம்பகத்தன்மை குலைந்துவிட்டால், எவ்வளவு பிரமாதமாக எடுத்த தாக்குதல் காட்சியும் எடுபடாது.

அதிகம் கோட்டைவிடும் இடம் ஒலி. பதுங்கி இரையை நெருங்கும் விலங்கு பாய்வதற்கு முன் உறுமித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அந்த நிசப்தமே அதன் பலம். சிவிங்கிப்புலியாலும், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பூனையினமான பூமாவாலும் கர்ஜிக்கவே முடியாது. சுறாவுக்கோ குரல் எழுப்பும் உறுப்பே கிடையாது. ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பறவையின் சிரிப்பொலியை ஆப்பிரிக்கக் காட்டுக்கும் அமேசான் காட்டுக்கும் பொதுப் பின்னணியாகப் போட்ட பழைய படங்கள் பல உண்டு. மயக்க ஊசிக் காட்சிகளிலும் இதே அலட்சியத்தைக் காணலாம். ஊசி பட்டதும் விலங்கு சுருண்டு விழாது; மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும், வெறிகொண்டு ஓடும் விலங்குக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் விவரங்கள் பொருந்தாமல் போகும் தொடர்ச்சிப் பிழைகளில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது புலியின் வரிகளைத்தான். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. அதே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்திருப்பதில்லை. கணக்கெடுப்பில் பாதையின் இருபுறமும் கேமரா பொருத்துவது இதனால்தான். எனவே ஒரே பாத்திரத்துக்கு இரண்டு புலிகளைப் பயன்படுத்தினாலோ, திசை பொருந்தவில்லை என்று படத்தொகுப்பில் ஒரு ஷாட்டை இடவலமாகத் திருப்பினாலோ, கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கிராபிக்ஸில் உருவாக்கும் புலிக்கு வீட்டுப் பூனையைப் போல நெடுங்கோட்டுக் கண்மணி வைப்பதும் பிழை. புலி, சிங்கம், சிறுத்தை மூன்றுக்கும் கண்மணி வட்டமானது.

மனிதர்கள் பக்கம், காயம் இடது காலிலிருந்து வலது காலுக்குத் தாவுவதும், தீர்ந்துபோன குண்டுகள் மீண்டும் வருவதும் எல்லோரும் அறிந்தவை. நிலவைத்தான் மறந்துவிடுகிறார்கள். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தையொட்டி உதிக்கும். அதன்பின் ஒவ்வோர் இரவும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். முழுநிலவில் தொடங்கும் கதையின் ஐந்தாம் இரவில், இருட்டிய பிறகும் சில மணி நேரம் வானில் நிலவே இருக்காது. நாயகன் எதையும் பார்க்க முடியாத அந்த நேரத்தை இயற்கையே எழுதிக் கொடுக்கும்போது, ஐந்து இரவுகளிலும் முழுநிலவைத் தொங்கவிடுவது பெரிய இழப்பு.

பாம்புக்கடியை வாயால் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் திரையில் உயிரைக் காப்பாற்றுகின்றன. நிஜத்தில் ஆபத்தைக் கூட்டும். பார்ப்பவர் அப்படியே செய்துவிடக்கூடும் என்பதால் இந்தத் தவறை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடிபட்டவரை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே சரி.

கடைசியாக, விலங்கின் நோக்கம். தனக்குக் காயம் ஏற்படும் என்றால் வேட்டை விலங்கு பெரும்பாலும் விலகிப்போகும். அது மனிதரை விடாமல் தொடர வேண்டுமானால் திரைக்கதையில் காரணம் இருக்க வேண்டும். 1898இல் கென்யாவின் ட்சாவோவில் ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற இரண்டு சிங்கங்களின் மண்டையோடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, ஒன்றுக்குக் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. வலுவான இரையைக் கடித்து அடக்க முடியாத சிங்கம் எளிய இரையைத் தேடியிருக்கலாம் என்ற விளக்கம் அதிலிருந்து பிறந்தது. இப்படி ஒரு உடைந்த பல்லை முதல் அரைமணி நேரத்துக்குள் காட்டிவிட்டால், பிறகு அந்த விலங்கு எத்தனை முறை திரும்பி வந்தாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.