செராமிக் ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளறிவியலில் முனைவர் பட்டம் முடித்து, செராமிக் (தூளை அழுத்தி உலையில் சுட்டுச் செய்யும் ஆக்சைடு போன்ற பொருட்கள்) ஆய்வும் கற்பித்தலுமாக வாழ நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தூளையும் உலையையும் கவனியுங்கள். புதிய கலவை எது, எந்த இதழுக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அப்புறம். மாதிரி செய்யும் வேலையை ஜூனியரிடம் தள்ளிவிட்டு, எக்ஸ்ஆர்டியும் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே கருவி) எஸ்இஎம்மும் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) தருவதில் மட்டும் விடை தேடினால் பிஎச்டியின் பாதிக் காலம் அப்படியே போய்விடும். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். மற்றவற்றில் பல இதிலிருந்து கிளைத்தவை.

அரைப்பதிலிருந்தே தொடங்கலாம். பால் மில்லில், அதாவது கடினமான உருண்டைகள் போட்டுச் சுழற்றும் ஜாடியில், தூளை ஒரு நாள் முழுக்க ஓட்டுகிறோம். உருண்டைகளும் ஜாடியும் தேய்கின்றன. தேய்ந்தது உங்கள் தூளில்தான் சேர்கிறது. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் உருண்டைகளை எடைபோட்டுக் குறித்து வைத்தால் எவ்வளவு கலந்தது என்று தெரிந்துவிடும். ஆனாலும் பலர் செய்வதில்லை, கால் சதவீதம் என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடு) ஏறக்குறைய அந்தக் கால் சதவீத மக்னீசியாவைத்தான் (மக்னீசியம் ஆக்சைடு) சேர்த்தார். சுடும்போது கிரெய்ன்கள் (பொருளுக்குள் இருக்கும் சிறு படிகங்கள்) தாறுமாறாக வளர்வது நின்றது. நுண்துளைகள் அவற்றுக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியேறின. வெறும் வெள்ளையாக இருந்த அலுமினா ஒளியைக் கடத்தத் தொடங்கியது. நம் தெருக்களில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகளின் உட்குழாய் அந்த அலுமினாதான். வேண்டுமென்று சேர்த்த கால் சதவீதம் இவ்வளவு செய்யும் என்றால், தெரியாமல் சேர்ந்த கால் சதவீதமும் செய்யும். உங்கள் கலவையில் கண்ட 'புதிய விளைவு' ஜாடியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

உலையிலும் இதே கதைதான். திரையில் 1500 டிகிரி என்று காட்டினால் அது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் முனையில் உள்ள வெப்பநிலை. மாதிரி இருக்கும் இடத்தில் எவ்வளவு என்பதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். தூளை ஒட்டவைக்கும் பிவிஏ போன்ற பைண்டர் சேர்த்து அழுத்திய பெல்லட்டை (சிறு வில்லை) அவசரமாகச் சூடேற்றினால், பைண்டர் எரிந்து வெளியேறும் கட்டத்திலேயே உள்ளுக்குள் விரிசல் விழும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஈயம் உள்ள பிஇசட்டியை (ஈய ஜிர்கோனேட் டைட்டனேட்) திறந்த தட்டில் சுட்டால் ஈய ஆக்சைடு ஆவியாகிப் போய்விடும். அதே கலவைத் தூளைச் சுற்றிப் போட்டு, மூடிய குருசிபிளில் (உலைக்கிண்ணம்) சுட வேண்டும். திட மின்பகுளி பேட்டரிக்காக லித்தியம் ஆக்சைடுகளைச் சுடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

அடர்த்திக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வேடுகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். மாதிரி எத்தனை சதவீதம் அடர்ந்தது என்று சொல்ல, அளந்த அடர்த்தியைத் துளையே இல்லாத கலவைக்குக் கணக்கிட்ட அடர்த்தியால் வகுக்கிறோம்; பிழை அந்தக் கணக்கில்தான். அலுமினாவில் எடையில் 20 சதவீதம் ஜிர்கோனியா சேர்க்கிறீர்கள். அலுமினாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.98 கிராம், ஜிர்கோனியாவின் அடர்த்தி சுமார் 6.05. 0.8-ஐயும் 0.2-ஐயும் நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் 4.39 வரும். அது கன அளவில் 20 சதவீதத்துக்கான விடை. எடை சதவீதம் என்றால் ஒவ்வொன்றின் எடையையும் அதன் அடர்த்தியால் வகுத்துக் கன அளவாக்கித்தான் கணக்கிட வேண்டும். சரியான விடை 4.27. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் உண்மையில் 98 சதவீதம் அடர்ந்த மாதிரி, தவறான கணக்கில் 95 சதவீதமாகத் தெரியும். அந்த மூன்று சதவீதத்தைத் துரத்திக்கொண்டு மாணவர் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போவார், கிரெய்ன்கள் பெருத்துவிடும், வலிமை குறையும்.

எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாடும் இப்படித்தான் பாடாய்ப் படுகிறது. அந்த அகலத்தை ரேடியனில் போட வேண்டும், டிகிரியில் அல்ல. கோணம் தீட்டா, இரண்டு தீட்டா அல்ல. கருவியே தரும் அகலத்தைக் கழிக்க வேண்டும். கிடைப்பது படிகக்கூற்றின் அளவு; தூள்துகளின் அளவு அல்ல. 1400 டிகிரியில் சுட்டு மைக்ரான் கணக்கில் கிரெய்ன் வளர்ந்த மாதிரிக்கு ஷெரரைப் போட்டு '45 நானோமீட்டர்' என்று எழுதினால், பக்கத்திலேயே இருக்கும் எஸ்இஎம் படம் அதை மறுத்துக்கொண்டிருக்கும். வாய்மொழித் தேர்வான வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

வலிமைக்கு வருவோம். உலோகம் படித்துவிட்டு வருபவர்கள் மூன்று மாதிரியை உடைத்து, சராசரி எடுத்து, பிழைக்கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். செராமிக்கில் அது செல்லாது. உடைவதைத் தீர்மானிப்பது அந்தச் சோதனைக் கட்டையில் இருக்கும் மிகப் பெரிய குறை (விரிசல், துளை போன்றது). 1920இல் கிரிஃபித் கண்ணாடியை வைத்துக் காட்டியதும், 1939இல் வைபுல் புள்ளியியலாக்கியதும் இதைத்தான். வைபுல் மாடுலஸ் (வலிமை எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண்; பெரிதானால் சிதறல் குறைவு) சொல்ல வேண்டுமென்றால் 30 கட்டைகளாவது உடைக்க வேண்டும். மாடுலஸ் 10 என்று வைத்துக்கொண்டால், கன அளவு 100 மடங்கு பெரிய பாகத்தின் வலிமை சோதனைக் கட்டையின் வலிமையில் 63 சதவீதம்தான் இருக்கும். மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் கிடைத்த எண்ணை நான்கு புள்ளிச் சோதனையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டு 'எங்கள் பொருள் மேல்' என்று சொல்வதும் இதனால்தான் தவறு. முந்தையதில் உச்ச இழுவிசை படும் இடம் சிறியது, அதனால் எண் பெரிதாகவே வரும்.

விக்கர்ஸ் கடினச் சோதனையில் வைர முனை அழுத்திய குழியின் மூலைகளில் ஓடும் விரிசலை அளந்து முறிவுக்கடினம் (விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன்) சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2007இல் ஜார்ஜ் குயினும் ரிச்சர்ட் பிராட்டும் இந்த முறை நம்பத்தக்கதல்ல என்று தெளிவாக எழுதினார்கள். மாதிரி சிறியது, வேறு வழியில்லை என்றால், ஒரே தொகுதிக்குள் ஒப்பிடுவதற்கு மட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பயன்படுத்தலாம்.

இனி வகுப்பறை. செராமிக்கைக் கடைசி யூனிட்டாகத் தள்ளி, 'கடினமானது, நொறுங்கக்கூடியது, மின்கடத்தாதது' என்று மூன்று வரியில் முடிப்பது மாணவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். அந்த மூன்றாவது வார்த்தையே தவறு: 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த உயர்வெப்ப மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது) ஒரு செராமிக் ஆக்சைடு. நொறுங்கும் என்பதையாவது காட்டிச் சொல்லித்தரலாம். அதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், கையில் சாக்பீஸ் இருக்கிறது. அதை முறுக்கி உடையுங்கள், முறிவு 45 டிகிரியில் திருகலாக ஓடும். இழுவிசை எங்கே உச்சமோ அங்கே உடைகிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். ஒரு பெட்டி சாக்பீஸை இரண்டு விளிம்புகளுக்கு இடையில் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு ஒவ்வொன்றாக உடைக்கச் சொல்லுங்கள். ஒரே பெட்டிதான், ஆனாலும் எடைகள் சிதறி நிற்கும். அதையே வைபுல் வரைபடமாக்கச் சொன்னால், அந்தப் பாடம் மனதில் நிற்கும்.

வேலை விஷயத்தில் ஒரு தவறு, தெரியாமல் நடந்து பலரைப் பாதிப்பது. இயற்பியலிலோ வேதியியலிலோ எம்.எஸ்சி முடித்து, செராமிக்கில் அருமையான பிஎச்டி செய்திருப்பார்கள். பொறியியல் கல்லூரியில் பொறியியல் துறைப் பணியிடத்துக்குப் போனால், சம்பந்தப்பட்ட பிரிவில் பி.இ., எம்.இ. எங்கே என்று கேட்பார்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதி அப்படி. அவர்களுக்கான இடம் அதே கல்லூரியின் இயற்பியல் அல்லது வேதியியல் துறை, இல்லையென்றால் கொல்கத்தாவின் சிஜிசிஆர்ஐ (மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆய்வு நிறுவனம்) போன்ற ஆய்வு நிறுவனங்கள். எம்.எஸ்சிக்குப் பிறகே எம்.டெக். படிக்கலாமா என்று யோசித்திருந்தால் சிலருக்குப் பாதை மாறியிருக்கும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் ஒரு பிரிவாகவே இருக்கிறது.

பிஎச்டிக்கு கைடைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியீட்டுப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். ஆய்வகத்துக்கு நேரில் போய், அங்கே இருக்கும் சீனியர்களிடம் பேசுங்கள். எத்தனை உலைகள் ஓடுகின்றன, ஹீட்டிங் எலிமென்ட் போனால் மாற்ற எத்தனை மாதம் ஆகும், எக்ஸ்ஆர்டிக்கு வெளியூர் போக வேண்டுமா, உலைப் பதிவேட்டை யாராவது எழுதுகிறார்களா என்று கேளுங்கள். பதிவேடு இல்லாத இடத்தில் சேர வேண்டியிருந்தால், சேர்ந்த அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி உலைக்குப் பக்கத்தில் வையுங்கள்: தேதி, மாதிரி, சூடேற்றிய வேகம், நிறுத்திய நேரம், அந்த வாரம் அதே உலையில் வேறு யார் எதைச் சுட்டார்கள் என்பது வரை.