விண்டோஸ் ப்ளகின்களை லினக்ஸில் ஓட்டுவது எப்படி? வைனும் யாப்ரிட்ஜும்

லினக்ஸுக்கு மாறின இசைக்காரர்கள் மறுபடியும் விண்டோஸ் பக்கம் போவதற்கு ரெக்கார்டிங் மென்பொருள் காரணமாக இருப்பது அபூர்வம். ரீப்பர், பிட்விக், ஆர்டர் மூன்றுமே லினக்ஸில் நேரடியாக ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்குள் சேர்த்து ஓட்டும் சின்ன நிரல்களான ப்ளகின்கள், அதாவது காசு கொடுத்து வாங்கிய ரிவர்ப் (எதிரொலி), கை பழகிப்போன சிந்த் (மின்னணு வாத்தியம்), இவற்றில் பலவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்காது. அங்கேதான் ஆள் திரும்பிவிடுகிறார். அந்த ப்ளகின்களை லினக்ஸிலேயே திறக்க வைக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள். 1993-லிருந்து உருவாகி வருகிறது. ஆனால் லினக்ஸ் ரீப்பருக்குள் ஒரு விண்டோஸ் ப்ளகினின் டிஎல்எல் ஃபைலை அப்படியே ஏற்ற முடியாது. யாப்ரிட்ஜ் அதற்கு ஒரு துபாஷி. உங்கள் ப்ளகின் ஃபோல்டரில் சின்னதாக ஒரு லினக்ஸ் ஃபைலை வைக்கும். ரீப்பர் அதை அசல் ப்ளகின் என்றே நினைத்து ஏற்றும். ஏற்றியதும் அந்த ஃபைல் பின்னணியில் வைனைக் கிளப்பி, உண்மையான விண்டோஸ் ப்ளகினைத் திறந்து, இரண்டுக்கும் நடுவில் ஒலியையும் மிடியையும் (எந்தச் சுரம் எப்போது என்ற செய்தியையும்) கைமாற்றிக்கொண்டே இருக்கும். விஎஸ்டி 2, விஎஸ்டி 3, கிளாப் என்ற மூன்று ப்ளகின் வகையும் ஓடும்.

முதலில் ஒரு சரிபார்ப்பு

உங்கள் ப்ளகினுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டிஏஎல் நாய்ஸ்மேக்கர் இவற்றுக்கெல்லாம் உண்டு. இருந்தால் பாலமே தேவையில்லை, அதையே போடுங்கள்.

அடுத்தது, ப்ளகினின் உரிமப் பூட்டு எந்த மாதிரி என்று பாருங்கள். சீரியல் எண், கீ ஃபைல் கேட்பவை பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஓடும். ஐலாக் மாதிரி தனி உரிம மேலாளரோடு வருபவை, நிறுவனத்தின் டவுன்லோட் மேலாளர் வழியாக மட்டுமே நிறுவ முடிபவை, இவைதான் வம்பு. ஒலி நன்றாகவே ஓடும், லாகின் திரை மட்டும் திறக்காது. புதிதாக ப்ளகின் வாங்குபவர் என்றால் டெமோவை முதலில் ஓட்டிப் பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள்.

படி 1: வைன்

தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். யாப்ரிட்ஜ் 5.1.1 பதிப்போடு வைன் 9.22-ஐயோ அதற்குப் பிந்தையதையோ வைத்தால், ப்ளகின் திறக்கும், ஒலி வரும், ஆனால் மவுஸ் க்ளிக் வேறு இடத்தில் விழும். கட்ஆஃப் குமிழைத் திருகப் போனால் பக்கத்துக் குமிழ் திரும்பும், அல்லது எதுவுமே அசையாது. ப்ளகின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப நிறுவுகிறவர்கள் நிறைய. அந்த யாப்ரிட்ஜ் பதிப்புக்கு வைன் ஸ்டேஜிங் (வைனின் சோதனைக் கிளை) 9.21-தான் பாதுகாப்பான தேர்வு.

வைனின் சொந்தத் தளமான வைன்எச்க்யூவில் சொல்லியிருக்கும் முறைப்படி அவர்களுடைய ரெபாசிட்டரியைச் (மென்பொருள் களஞ்சியத்தை) சேர்த்துக்கொள்ளுங்கள். 9.21-ஐ நிறுவும்போது பதிப்பு எண்ணை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஸ்டேஜிங்கின் துணைப் பேக்கேஜ்களுக்கும் அதே எண்ணைத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஆப்ட் (உபுண்டுவின் நிறுவல் கருவி) முரண்டு பிடிக்கும். நிறுவியதும் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்துப் பூட்டிவிடுங்கள். இதை விட்டால் அடுத்த அப்டேட்டில் வைன் தானாகப் புதிய பதிப்புக்குப் போய்விடும், பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்.

பிறகு 'வைன்சிஎஃப்ஜி' என்று ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் விண்டோஸ் 10 தேர்வாகியிருந்தால் போதும், மூடிவிடலாம். உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'டாட் வைன்' என்ற மறைந்த ஃபோல்டர் உருவாகியிருக்கும். ஃபைல் மேலாளரில் கண்ட்ரோல் எச் அழுத்தினால் தெரியும்.

படி 2: யாப்ரிட்ஜ்

கிட்ஹப்பில் யாப்ரிட்ஜின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து டார் ஃபைலை (சுருக்கிய கட்டு) இறக்குங்கள். ஹோமுக்குள் இருக்கும் 'டாட் லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அங்கே விரித்து வைத்தால் யாப்ரிட்ஜ் என்று ஒரு ஃபோல்டர் வரும். வேறு இடத்தில் வைக்காதீர்கள், இங்கே இருந்தால்தான் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, பேக்கேஜாகவே கிடைக்கிறது.

படி 3: ப்ளகினை நிறுவுதல்

சோதனைக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ் நல்லது. இலவச ரிவர்ப், பூட்டு எதுவும் கிடையாது. விண்டோஸ் பதிப்பை இறக்கி, டெர்மினலில் 'வைன்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, செட்டப் ஃபைலை மவுஸால் இழுத்து டெர்மினலுக்குள் போடுங்கள். முழுப் பாதையும் தானாக விழும். என்டர் தட்டினால் விண்டோஸில் பார்த்த அதே இன்ஸ்டாலர்தான். காட்டும் இடத்தை மாற்றாமல் நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போங்கள்.

படி 4: சேர், ஒத்திசை

இப்போது யாப்ரிட்ஜ் ஃபோல்டரில் 'யாப்ரிட்ஜ்சிடிஎல்' என்ற ஃபைலை டெர்மினலுக்குள் இழுத்துப் போட்டு, பக்கத்தில் 'ஆட்' என்று அடித்து, விஎஸ்டி 3 ஃபோல்டரையும் இழுத்துப் போடுங்கள். அந்த ஃபோல்டர் டாட் வைனுக்குள் டிரைவ் சி, ப்ரோக்ராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ் என்று போனால் கிடைக்கும். பாதையைக் கையால் அடிப்பதானால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்; 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' நடுவில் இடைவெளி இருக்கிறதே.

அடுத்து அதே யாப்ரிட்ஜ்சிடிஎல், கூட 'சிங்க்'. எத்தனை ப்ளகின் தயாரானது, அதில் புதியது எத்தனை என்று காட்டும். ஆட் ஒரு ஃபோல்டருக்கு ஒருமுறை போதும். சிங்க் மட்டும் ஒவ்வொரு புது ப்ளகினுக்குப் பிறகும் ஓட்ட வேண்டும். 'நேற்று நிறுவியது பட்டியலில் வரவில்லையே' என்ற கேள்விக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் பதில்.

படி 5: ரீப்பரில்

ப்ரிஃபரன்சஸ், ப்ளகின்ஸ், விஎஸ்டி என்று போய் ரீஸ்கேன் கொடுங்கள். சூப்பர்மாசிவ் மற்ற ப்ளகின்களோடு சேர்ந்து பட்டியலில் வந்துவிடும். முதல்முறை திறக்கச் சில நொடி எடுக்கலாம், வைன் கிளம்ப வேண்டுமே.

ஃப்ளாட்பேக்காக (தனிக்கட்டாக வரும் பேக்கேஜ்) நிறுவிய ரெக்கார்டிங் மென்பொருளில் இது வேலை செய்யாது. அது தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் வெளியே இருக்கும் வைன் அதன் கண்ணில் படாது. சாதாரணப் பேக்கேஜை நிறுவுங்கள்.

ஒலி வெடித்தால்

பட் பட் என்று சத்தம் வந்தால் உடனே பஃபரை (ஒலியை ஒரு முறைக்கு எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு) ஏற்றாதீர்கள். ரீப்பரை டெர்மினலிலிருந்து திறந்து ப்ளகினைப் போடுங்கள். யாப்ரிட்ஜ் தன்னைப் பற்றி ஒரு நீண்ட விவரத்தைக் கொட்டும். அதில் 'ரியல்டைம்' என்ற வரியில் 'நோ' என்றிருந்தால் காரணம் அதுதான்: ஒலி வேலைக்கு முன்னுரிமை கிடைக்கவில்லை. உபுண்டுவில் ஜாக்டி2 என்ற ஒலிச் சேவைப் பேக்கேஜை நிறுவும்போது ரியல்டைம் அனுமதி வேண்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். உங்கள் பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதன் பிறகும் வெடித்தால் பஃபரைத் தொடலாம். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது சுமார் 5.3 மில்லிசெகண்ட், வாசிப்பதற்குத் தாராளம். மிக்சிங்கின்போது 1024 வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ப்ளகின் ஜன்னல் கறுப்பாகத் திறந்தால் வைனுக்குத் துணைப்பொருள்களைப் போட்டுத் தரும் வைன்ட்ரிக்ஸில் 'டிஎக்ஸ்விகே' (கிராஃபிக்ஸ் துணை) போட்டுப் பாருங்கள். எழுத்துகள் காணாமல் போனால் 'கோர்ஃபான்ட்ஸ்' (எழுத்துருக்கள்).

ப்ளகினை நீக்கும்போது வைனின் அன்இன்ஸ்டாலர் வழியாக நீக்கிவிட்டு, சிங்க்கோடு இரண்டு கோடு போட்டு 'ப்ரூன்' சேர்த்து ஓட்டுங்கள். இல்லையென்றால் செத்த ப்ளகினின் பெயர் ரீப்பர் பட்டியலில் அப்படியே நிற்கும்.