பிடரியில் ஒரு கை, குதிகாலில் ஒரு கை: ஆங்கிள் பிக் போடுவது எப்படி?

எதிராளியின் கணுக்காலைப் பிடித்து அவரைச் சாய்க்கும் மல்யுத்தப் பிடிதான் ஆங்கிள் பிக் (ankle pick). அந்தப் பெயரைக் கேட்டவுடனே எல்லோருடைய கண்ணும் எதிராளியின் காலுக்குப் போய்விடுகிறது. உடனே ஆள் குனிகிறார், கையை நீட்டுகிறார், அதற்குள் எதிரில் இருப்பவர் காலைப் பின்னால் எடுத்துவிட்டு இவர் முதுகில் ஏறிக்கொள்கிறார். இந்தப் பிடியில் கணுக்காலுக்குப் போகும் கையின் வேலை கடைசி அரை நொடிதான். அதற்கு முன்னால் உள்ள வேலை முழுவதையும் செய்வது எதிராளியின் பிடரியில் இருக்கும் உங்கள் மற்றொரு கை. நான் கீழே எழுதும் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

கோலாலம்பூர் ஜிம்களில் ஜூஜிட்சு, எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை), மல்யுத்தம் என்று சேரும் நம் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே தாமான் பாடாங்கிலோ (குடியிருப்புத் திடலிலோ) பள்ளியிலோ கபடி ஆடியவர்கள். கணுக்காலைப் பிடிப்பது அவர்களுக்குப் புதிதில்லை, வேகமும் தைரியமும் நன்றாகவே இருக்கும். ஆனால் கபடியில் பாடி வருபவரின் காலை இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் தரையில் போட்டு இறுக்கிக்கொண்டாலே போதும், கூட இருக்கும் ஆறு பேரும் வந்து மேலே விழுந்துவிடுவார்கள். இங்கே அந்த ஆறு பேர் கிடையாது. காலைப் பிடித்ததும் நீங்களே ஆளைச் சாய்க்க வேண்டும், சாய்த்த பிறகு நீங்கள் மேலே இருக்க வேண்டும். அதனால் கபடிக்காரர்கள் இரண்டாவது கையைக் காலுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் மற்றவர்களைவிட சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து வீழ்த்தும் டபுள் லெக்கைவிட இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. டபுள் லெக்கில் முட்டியைத் தரையில் போட்டு ஆழமாக உள்ளே நுழைய வேண்டும், நேரம் தவறினால் எதிராளியின் முழு எடையும் கழுத்தில் வந்து இறங்கும். ஆங்கிள் பிக்கில் நீங்கள் ஏற்கெனவே ஆளைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது கையிலேயே தெரியும். எளிய பிடி என்று குறைத்தும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் கேல் சாண்டர்சன் 1999 முதல் 2002 வரை கல்லூரி மல்யுத்தத்தில் 159 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் போனவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 84 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அவருடைய பேர் போன பிடியே இந்த ஆங்கிள் பிக்தான்.

தொடங்கும் முன்

முதலில் விழப் பழகுங்கள். இந்தப் பிடியில் ஆள் பெரும்பாலும் பின்பக்கமாக, புட்டம் முதலில் தரையில் படும்படி உட்காருவார். விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழுகிறோம் என்று தெரிந்ததும் கை தானாகவே பின்னால் போகும், மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் போகின்றன. பார்ட்னர் இருவருமே இதைச் செய்ய முடிகிறவர்களாக இருந்தால்தான் மேலே போகலாம். பாயில்தான் செய்ய வேண்டும். பாடாங் புல்லில் செய்து பார்க்க ஆசை வரும், புல்லுக்கு அடியில் கல் இருப்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், சங்கிலி, கொலுசு எல்லாம் கழற்றி வையுங்கள். நம்மில் நிறைய பேர் காலில் கறுப்புக் கயிறு கட்டியிருப்போம், கோயிலில் கட்டிய கயிறைக் கழற்ற மனம் வராது. அப்படியென்றால் அதன் மேல் விளையாட்டு டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். உங்கள் குதிகாலைப் பிடிக்க வருபவரின் விரல் அந்தக் கயிற்றுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால், நீங்கள் காலை இழுக்கும் வேகத்தில் அவர் விரல் போய்விடும்.

நிற்பது

நான் வலது கையைப் பிடரியில் வைத்து, இடது கையால் எதிராளியின் வலது காலை எடுப்பதை வைத்துச் சொல்கிறேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

முட்டி மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக, தலை நிமிர்ந்து. எடை குதிகாலில் இல்லாமல் முன்பாதத்தில். வலது கால் அரை அடி முன்னால் இருக்கட்டும். இதற்கு மேல் நிற்பதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, எப்படியும் இரண்டு பேரும் நகர்ந்துகொண்டேதான் இருக்கப்போகிறீர்கள்.

பிடரியில் கை

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்கிறேன். வலது கையை எதிராளியின் இடது தோளுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பிடரியில் வையுங்கள். கழுத்தின் நடுவில் வேண்டாம், மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் அந்த மேட்டில் வையுங்கள், அங்கேதான் இழுப்பதற்குப் பிடி கிடைக்கும். விரல்களைச் சேர்த்து, கட்டைவிரலையும் அதோடு ஒட்டி, உள்ளங்கையைக் கொக்கி மாதிரி வைக்க வேண்டும். காலர் டை என்று கோச் சொல்வது இதைத்தான்.

முழங்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது வெளியே விரிந்து இறக்கை போல நின்றால் எதிராளி அதைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். முழங்கை கீழே தொங்கி, முன்கை அவருடைய காறை எலும்பின் மேல் படுத்திருக்க வேண்டும். அப்போது அவர் உங்களை நோக்கி வந்தால் முன்கை தடுக்கிறது, பின்னால் போனால் உள்ளங்கை இழுக்கிறது. உங்கள் நெற்றி அவருடைய நெற்றிப்பொட்டுப் பக்கம் அழுத்தியிருக்கட்டும். இடது கை சும்மா இருக்கக் கூடாது, அவருடைய வலது மணிக்கட்டையோ முழங்கை மடிப்பையோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கையின் பலத்தால் மட்டும் இழுத்தால் இரண்டு நிமிடத்தில் தோள் செத்துவிடும். இடுப்பைத் தாழ்த்தி, உங்கள் உடம்பின் எடையை அந்த முழங்கையில் தொங்கவிடுங்கள். சரியாகச் செய்தால் பார்ட்னர் “என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது” என்று முனகுவார்.

எடையை ஒரு காலுக்கு மாற்றுவது

உணவுக்கடைக் கொல்லையில் கேஸ் தோங் (சிலிண்டர்) நகர்த்துபவர்களைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதைத் தூக்க மாட்டார்கள். மேலே பிடித்துச் சாய்த்து, எடை முழுவதும் ஒரு விளிம்புக்கு வந்ததும் உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மனிதனையும் அப்படித்தான். எடை இல்லாத காலை நீங்கள் பிடித்தால் அவர் அதை உதறிவிட்டுப் போவார், எடை முழுவதும் நிற்கும் காலை அவரால் எடுக்கவே முடியாது.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். இடது காலைப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டே பிடரியைக் கீழ்நோக்கி, உங்கள் இடப்பக்கம் இழுங்கள். உங்கள் இடப்பக்கம் என்பது அவருடைய வலப்பக்கம். விழாமல் இருக்க அவர் வலது காலை முன்னால் எடுத்து வைத்தே ஆக வேண்டும். அந்தப் பாதம் தரையில் பதிந்து, முட்டி மடங்கி, தலை அந்த முட்டிக்கு நேர் மேலே வரும் நொடிதான் உங்களுடையது. பாதம் காற்றில் இருக்கும்போது போனால் சீக்கிரம், அவர் சமநிலைக்கு வந்து நிமிர்ந்த பிறகு போனால் தாமதம்.

முதல் சில வகுப்புகளுக்குக் காலைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பிடரியில் கையை வைத்துக்கொண்டு பாய் முழுக்கச் சுற்றி நடங்கள், இழுங்கள், அவர் எந்த இழுப்புக்கு எந்தக் காலை வைக்கிறார் என்று கவனியுங்கள். கண்ணால் பார்க்காமலே “இப்போது வலது கால் பதிந்தது” என்று கைக்குத் தெரிய ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் மாதக்கணக்கில் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

இறங்கிப் பிடிப்பது

பாதம் பதிந்ததும் வலது காலை உள்ளே எடுத்து வைத்து, வலது முட்டியை அவருடைய வலது பாதத்தை நோக்கித் தரையில் மெதுவாகப் போடுங்கள். இடது பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க வேண்டும், கடைசியில் தள்ளப்போவது அதுதான். சில கோச்சுகள் வேறு முட்டியைப் போடச் சொல்லித்தருவார்கள், உங்கள் கோச் அப்படிச் சொன்னால் அதையே செய்யுங்கள், அடிப்படை ஒன்றுதான்.

இறங்குவது இடுப்பிலிருந்து. முதுகை வளைத்துக் குனிந்தால் தலை தொங்கும், தலை தொங்கினால் அவர் உங்கள் கழுத்தைக் கையால் சுற்றிக் கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புப் பிடியைப் போட்டுவிடுவார். நீங்கள் இறங்கும்போது உங்கள் எடையோடு சேர்ந்து அவருடைய தலையும் இறங்க வேண்டும். பிடரிக் கை அந்த நேரத்தில் தளர்வதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை. கவனம் முழுவதும் இடது கைக்குப் போய்விடுவதால் வலது கை தன்னை மறந்துவிடுகிறது.

இடது கை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்க் குதிகாலுக்குப் பின்னால் அணைக்க வேண்டும். கெண்டைக்காலையோ கணுக்கால் எலும்புக்கு மேலேயோ பிடிக்காதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில், ஏர்கான் இல்லாத ஜிம்மில், பத்து நிமிடத்துக்குப் பிறகு எந்தக் காலும் எண்ணெய் தடவியது போலத்தான் இருக்கும். குதிகாலின் அந்த உருண்டை இருக்கிறதே, அது உள்ளங்கைக்குள் கச்சிதமாக உட்காரும், வியர்த்தாலும் நழுவாது. ஐந்து விரலும் சேர்ந்து கிண்ணம் போல. கட்டைவிரலைத் தனியாக நீட்டினால் அது பாயில் குத்தி மடங்கும்.

சாய்ப்பது

இப்போது இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்கின்றன. குதிகாலை உங்கள் இடுப்பை நோக்கி இழுத்து மேலே தூக்குங்கள். அதே நேரத்தில் பிடரிக் கையின் முன்கையால் அவரை அந்தக் காலின் பக்கமாக, பின்னோக்கி அழுத்துங்கள். இதுவரை இழுத்துக்கொண்டிருந்த கை இப்போது தள்ளுகிறது. ஊன்றிய இடது பாதத்தால் உங்களையும் முன்னால் தள்ளுங்கள். பாதத்துக்கு மேலே இருந்த எடைக்குக் கீழே பாதம் இல்லை, அவர் உட்கார்ந்துவிடுவார். பலமாகத் தூக்கிப்போட வேண்டிய அவசியம் வந்தால் முந்தைய படியில் ஏதோ தவறிவிட்டது என்று பொருள், திரும்பப் போய் அதைச் சரிசெய்யுங்கள்.

உட்கார்ந்ததும் குதிகாலை விட்டுவிடாதீர்கள். அதைத் தூக்கியபடியே எழுந்து முன்னால் வந்து, அவருடைய இடுப்புக்கு மேலே உங்கள் எடையைக் கொண்டுவாருங்கள். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் இதற்கு 2 புள்ளி, நின்ற நிலையிலிருந்து நேராக முதுகு பாயைப் பார்க்கும்படி விழுந்தால் 4. ஜூஜிட்சுவில் 2, ஆனால் மேலே 3 நொடி நிலைத்திருக்க வேண்டும். கிரேக்கோ-ரோமன் மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே தொடவே கூடாது. ஜூடோவிலும் காலைக் கையால் பிடிப்பதை 2010இல் கட்டுப்படுத்தி 2013இல் முழுவதுமாகத் தடுத்துவிட்டார்கள், அதனால் ஜூடோ வகுப்புக்கும் போகிறவர்கள் அங்கே இதைப் போட்டுக் காட்ட வேண்டாம்.

அவர் ஒத்துழைக்காதபோது

எதிர்ப்பு வந்தால் பதறாதீர்கள், ஒவ்வொரு எதிர்ப்புக்கும் ஒரு வழி இருக்கிறது. பிடரியை இழுக்கும்போது அவர் பலமாக நிமிர்ந்து பின்னால் சாய்கிறாரா? இழுப்பதை விட்டு அப்படியே உள்ளே நுழையுங்கள், இடுப்பும் இரண்டு காலும் திறந்து கிடக்கும், டபுள் லெக்குக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. குதிகாலைப் பிடித்துவிட்டீர்கள், ஆனால் அவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நிற்கிறார் என்றால் அந்தக் காலோடு எழுந்து நின்று நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு காலை மட்டும் பிடித்துச் சாய்க்கும் சிங்கிள் லெக் ஆகிவிடும். காலை முன்னதாகவே பின்னால் எடுத்துவிட்டாரா, பிடரிக் கையை விடாமல் தலையைப் பாயை நோக்கிக் கீழே இழுங்கள். கால் பின்னால் போனவருக்கு முன்னால் தாங்க ஒன்றும் இருக்காது, இரண்டு கையையும் ஊன்றிவிடுவார், நீங்கள் தலையை முன்னாலிருந்து பூட்டிக்கொண்டு பின்னால் சுற்றிப் போகலாம்.

பயிற்சி முடிந்ததும் உடனே சோப்புப் போட்டுக் குளியுங்கள். ரேஷ்கார்டை (பயிற்சிக்குப் போடும் இறுக்கமான சட்டையை) ஈரமாகப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு எல்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்குப் போய் மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு வந்தால் படை வராமல் இருக்காது, அது உங்களோடு நிற்காமல் பார்ட்னர்களுக்கும் பரவும். உடம்பில் வட்டமாகச் சிவந்து அரித்தால் கிளினிக்கில் காட்டி, ஆறும்வரை பாய்க்கு வராதீர்கள். அந்த நாட்களில் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கால் எடுத்து வைப்பது, இடுப்பைத் தாழ்த்துவது, முட்டியை மெதுவாகத் தரையில் போடுவது ஆகிய மூன்றையும் தனியாகச் செய்து பாருங்கள், முட்டிக்கு அடியில் ஒரு தலையணை போட்டுக்கொண்டு.