எலிப் பல் பதியாத ஓடு: காலபாகஸ் ஆமைக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விடும் முறை

ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த காலபாகஸ் தீவுகளில் ஒன்றான பின்சோனில் பெரிய ஆமைகள் பல பத்தாண்டுகளாக முட்டையிட்டும் இனம் பெருகவில்லை. கப்பலேறி வந்த கருப்பெலிகள், குஞ்சு மண்ணைவிட்டு வெளியே தலை நீட்டியதும் தின்றுவிடும். 1965-இல் முட்டைகளை சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்து, எலி கடிக்க முடியாத அளவுக்கு வளர்த்துத் திருப்பி விடும் வேலை தொடங்கியது. அந்த முறைதான் இது. வன நிர்வாகத்தின் பொறுப்பில் மட்டுமே நடக்க வேண்டிய வேலை. நம் ஊரில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தாலே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முட்டை எடுக்கும்போதே பாதி வெற்றி தீர்மானமாகிவிடும். தாய் ஆமை தன் சிறுநீரில் மண்ணைக் குழைத்துக் குழியின் வாயை மூடியிருக்கும். காய்ந்தபின் மண் அடுப்பு மாதிரி இறுகிக் கிடக்கும். கடப்பாரை வேண்டாம், விரலாலும் சிறு கரண்டியாலும் பெயர்த்தெடுங்கள். முட்டையைத் தூக்குவதற்கு முன்பே அதன் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வாளியில், மண்ணுக்கு நடுவே அடுக்கும்போதும் பொரிப்பானில் வைக்கும்போதும் அந்தப் புள்ளி மேலேயே இருக்க வேண்டும். கரு, ஓட்டின் மேல்பக்க உட்சுவரில் ஒட்டி வளர்கிறது. முட்டை புரண்டால் ஒட்டு கிழிந்து கரு செத்துவிடும். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான்.

பொரிப்பானில் 28 டிகிரி செல்சியஸ் வைத்தால் குஞ்சுகள் ஆண், 29.5 டிகிரி வைத்தால் பெண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம் என்பதால் பொரிப்பானின் காட்டியை நம்பி இருக்காதீர்கள், முட்டைக்குப் பக்கத்தில் தனி வெப்பமானி ஒன்று இருக்கட்டும். பெண்கள் கூடுதலாகக் கிடைத்தால்தான் இனம் வேகமாகப் பெருகும். வெப்பம் எல்லை மீறினால் ஓட்டுத் தகடுகள் கோணலாகவோ எண்ணிக்கை கூடியோ குஞ்சுகள் பிறக்கும். சுமார் 4 மாதத்தில் முட்டை ஓடு விரியத் தொடங்கும்.

விரிசல் கண்டதும் உரித்துவிடக் கை பரபரக்கும். தொடாதீர்கள். வெளியே வர ஒன்றிரண்டு நாள் எடுப்பது இயல்புதான். வரும்போது அடி ஓட்டின் நடுவில் மஞ்சள் கருப் பை கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். குஞ்சின் முதல் சாப்பாடு அதுதான். இயற்கையில் அந்த நாட்களைக் குழிக்குள்ளேயே கழிக்கும் என்பதால், நீங்களும் ஈரப்பதமுள்ள இருட்டுப் பெட்டியில் 2, 3 வாரம் வையுங்கள். பை உள்ளே போய் வயிறு மூடியபின் எடை பார்த்து, ஓட்டில் எண் எழுதி, வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தரையிலிருந்து உயர்த்திய கூண்டு, மேலே கம்பி வலை மூடி. எலியும் பூனையும் தவிர நெருப்பெறும்பும் எதிரிதான்: கண்ணையும் மூக்கையும் கடித்தே குஞ்சைக் கொன்றுவிடும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல் கூண்டின் கால்களை நீரில் நிறுத்துங்கள். வெயில் நேராக விழ வேண்டும், பாதி இடம் நிழலாகவும் இருக்க வேண்டும். கண்ணாடி வழியே வரும் வெயில் ஓட்டைக் கெட்டிப்படுத்தாது. மல்லாந்த குஞ்சு வெயிலில் வெந்து போகும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் போய்ப் பாருங்கள்.

தீவனம் வாரத்துக்கு 3 நாள் போதும். அங்கே சேம்பு இனத்து இலையும், நம் கல்யாண முருங்கையின் உறவான மரத்தின் இலையும் போடுகிறார்கள். தினமும் கொழுக்கக் கொடுத்தால், அதிலும் காற்று வறண்டிருந்தால், தகடுகள் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். அந்த ஓட்டை மறுபடி சமனாக்க வழியில்லை. தண்ணீர்த் தட்டு, குஞ்சின் தாடையைத் தாண்டாத ஆழத்தில்.

இரண்டு வயதுக்குமேல் எரிமலைப் பாறைகள் கிடக்கும் திறந்த தொட்டிக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டத்தைக் குறுக்காதீர்கள் என்பேன். வழவழப்பான தரையில் வளர்ந்த ஆமைக்கு மேடேறத் தெரியாது, தீவில் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளித் துண்டுகளை இப்போதிருந்தே பழக்குங்கள்.

4, 5 வயதில் ஓடு 20 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். எலி இனி ஒன்றும் செய்ய முடியாது. தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தி, சில வாரம் தனித்து வைத்து, விதையில்லாத தீவனம் மட்டும் கொடுங்கள். தின்ற விதை வாரக் கணக்கில் குடலில் தங்கும், அது அந்நியக் களையாகத் தீவில் முளைத்துவிடக் கூடாது. பச்சை இருக்கும் பருவத்தில், வெயில் ஏறாத நேரத்தில், கள்ளி மர நிழலில் இறக்கி விடுங்கள்.

பின்சோனில் 2012 டிசம்பரில் எலிகளை ஒழித்தார்கள். 2014-இல் அந்தத் தீவிலேயே பொரித்த குஞ்சுகள் உயிரோடு தென்பட்டன. எலி போய்விட்டது உறுதியானால் முட்டைகளைக் குழியிலேயே விட்டுவிடுங்கள்.