மலைநாட்டு வளைவுகளுக்கேற்ற பின்பக்க சஸ்பென்ஷன்: என் கொரோலாவில் செய்து பார்த்தது

ஏ7 வீதியில் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வாரத்தில் நான்கு தடவை போய்வருகிறேன். நானுஓயாவிலிருந்து இறங்கும்போது, வலது பக்க வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் என் கொரோலா 110இன் மூக்கு கான் பக்கம்தான் போகும். முன் சில்லு இழுக்கும் வாகனங்களில் பெரும்பாலும் இதே குணம்தான். கோளாறு முன்னால் தெரிந்தாலும், பாதி மருந்து பின்னால் இருக்கிறது.

வாகனம் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சில்லுகளில் பாரம் ஏறுகிறது. பின் ஸ்டேபிலைசர் பார் (இடது, வலது சில்லுகளை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) தடித்ததாக இருந்தால், அந்தப் பாரத்தில் பெரிய பங்கைப் பின் வெளிச்சில்லு வாங்கிக்கொள்ளும். முன் வெளி டயருக்குச் சுமை குறைவதால் மூக்கு சொன்ன பேச்சுக் கேட்கும். பாரை அளவுக்கு மீறித் தடித்துவிட்டால், ஈர வீதியில் வளைவுக்கு நடுவே எக்ஸலேட்டரை விட்டதும் வால் சுழலும். பாரின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் கூடுகிறது. 14 மில்லிமீட்டருக்குப் பதில் 16 போட்டாலே ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிடும். நம் ஊர் மழைக்கு ஒரு படி போதும்.

பார் வாங்கும் முன் டயர், ஷொக் அப்சோவர், புஷ் (மூட்டுகளில் வரும் ரப்பர் உருளை) மூன்றையும் பாருங்கள். ஷொக்கில் எண்ணெய் கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டயர் காற்று, காலையில் ஓட்டுமுன், சாரதிக் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ளபடி. ஏப்ரலில் மஹகஸ்தோட்டையில் ஏறும் பந்தய வாகனங்களைப் பார்த்துவிட்டு ஸ்ப்ரிங்கை வெட்டும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: வெட்டினால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆட இடம் இருக்காது. குழியில் விழுந்ததும் சில்லு துள்ளும், துள்ளிய சில்லுக்குப் பிடிப்பு ஏது?

இனி பார் மாற்றும் வேலை. சமதரை வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கம் தேங்காயை வைத்தால் கீழ் லயம் வரை உருளும், அதனால் கோயில் முற்றத்தில்தான் செய்தேன். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இரண்டு பின் சில்லுகளும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும், பாரின் நுனியைப் பிடிக்கும் லிங்க் போல்ட் துளைக்கு நேரே வராது.

நான் கோட்டை விட்டது அடுத்த இடத்தில். சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஆர்மின் பழைய புஷ்களையும் அதே நாளில் மாற்றினேன். சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளைப் பலமாக முறுக்கிவிட்டேன். இறக்கிப் பார்த்தால் பின்பக்கம் சற்று உயர்ந்து நின்றது. புது ரப்பர் அல்லவா, போகப் போக இறங்கும் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் வளைவுக்கு வளைவு 'டொக்' என்று சத்தம். கழற்றினால் ரப்பர் கிழிந்து கையோடு வந்தது.

புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட் இறுகினால் உள்குழாய் அசையாது, ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுகும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனம் சும்மா நிற்கும்போதும் அது முறுகியே கிடக்கும். ஆகவே போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு விடுங்கள். சில்லை மாட்டி, இரண்டு பின் சில்லுகளும் தடித்த பலகை மேல் நிற்கும்படி இறக்குங்கள். பின் பம்பரை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன் சில்லுக்கு மறுபடி கட்டை வைத்து, வாகனம் தன் பாரத்தில் நிற்கும்போதே இறுக்குங்கள். கராஜில் குழி இருந்தால் இன்னும் சுகம்.

எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இரவலாவது வாங்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கும் பாஸ்மாரிடம் இந்த வேலையை நான் கொடுப்பதில்லை. புஷ் ரப்பராகவே இருக்கட்டும். போலியூரித்தேன் விறைப்பானதுதான், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். பார் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் பூசாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கன் கிரீஸ் பூசலாம்.

அப்புறம் வீல் அலைமென்ட். பின் சில்லுகள் சற்றே உள்நோக்கி இருக்கட்டும், வெளிநோக்கினால் வால் நிலைக்காது. 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை பாருங்கள்.

பின்சேர்க்கை 1: விட்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். அதில் பின்னால் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சில்லுகளையும் சேர்க்கும் ஒரே உத்திரம். பீமோடு சேரும் பார் போடலாம், ஆனால் சில்லின் உள்நோக்கைத் திருகிச் சரிசெய்ய வழி இல்லை. பீமின் இரண்டு பெரிய புஷ்களுக்கும் மேலே சொன்ன அதே கதைதான்.

பின்சேர்க்கை 2: பார் போட்டபின் மழையில் வால் வழுக்குகிறது என்று பண்டாரவளை நண்பர் ஒருவர் எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை. நல்ல ஜோடியைப் பின்னால் மாற்றச் சொன்னேன், பாரைக் கழற்ற வேண்டிய தேவை வரவில்லை. முன்னாலும் இரண்டு வாங்கியே ஆக வேண்டும் என்றபோதுதான் கொஞ்சம் முனகினார்.