பழைய ஸ்பிரிங்ஃபீல்டு வாங்குமுன்

காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் எனக்கு. துப்பாக்கி இங்கே லைசென்ஸ் சமாச்சாரம், அந்தப் பக்கமே போவதில்லை. சேர்ப்பவன் டெக்சாஸில் இருக்கும் மச்சினன். ‘அயித்தான், இதைப் பாருங்க’ என்று வீடியோவில் காட்டுவான்.

ஸ்பிரிங்ஃபீல்டு என்பது அமெரிக்க ராணுவத்தின் பழைய ரைபிள். அதில் 1903 மாடல் என்றால் முதலில் வரிசை எண். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தது 8,00,000-க்குக் கீழே இருந்தால் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. அன்று எஃகைக் காய்ச்சிய பக்குவம் கண்மதிப்புதான், சில வெடித்திருக்கின்றன. அப்புறம் குழல் முனை. குறிபார்க்கும் முன்குறிக்குப் பின்னால் ‘9-18’ என்றிருந்தால் குழல் செய்தது 1918 செப்டம்பர். எண்ணின் காலத்தோடு அது ஒத்துவராவிட்டால் குழல் மாற்றியது.

நான் அதிக நேரம் பார்ப்பது மரத்தை. பர்மா தேக்குத் தூணை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தால் பாதி விலைகூடத் தர மாட்டேன். துப்பாக்கியின் வால்நட் கட்டையும் அப்படித்தான். இடது பக்கம் ஆய்வாளர் முத்திரை இருக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்துவிட்டார்கள். அழுக்கைத் துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம், போதும்.

போன மாதம் ஒரு 03ஏ3 காட்டினான், 1903-இன் பிந்தைய வடிவம். ஸ்மித்-கொரோனா செய்தது. டைப்ரைட்டர் கம்பெனி! சரி, வாங்கு என்றேன்.