பாதப் புண் ஆறுகிறதா? இரத்த ஓட்டத்தையும் புண்ணையும் அளந்து பார்க்கும் முறை

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் வீட்டார் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போன வாரத்துக்கு இப்போது பரவாயில்லையா?" நாமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறோம். கண்பார்வையை மட்டும் வைத்துச் சொல்லும் அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. வாரம் ஒரு மில்லிமீட்டர் அகலும் புண் கண்ணுக்குத் தப்பிவிடும், ஸ்கேலுக்குத் தப்பாது.

புண் சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களையும் பயிற்சி மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் இரத்த ஓட்டத்தை அளக்க வேண்டும், பிறகுதான் புண்ணை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரத்தம் போய்ச் சேராத பாதத்தில் எவ்வளவு நல்ல மருந்து வைத்துக் கட்டினாலும் புண் ஆறாது. அது தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

படி 1: பாதத்தைப் பாருங்கள், தொடுங்கள்

இரண்டு பாதங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நிறம், வெப்பம், முடி உதிர்ந்த பளபளப்பான தோல், விரல் நுனியில் கருமை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதத்தின் மேற்புறத்திலும், உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. நாடி கிடைத்துவிட்டால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நாடி தெரியும் பாதத்திலும் இரத்தக் குறைவு இருக்கலாம். அடுத்தது வலி. நரம்பு பாதித்து மரத்துப்போன பாதம் வலிக்காது. நடந்தால் கெண்டைக்காலில் வலி வருகிறதா என்ற வழக்கமான கேள்விக்கும் "இல்லை" என்றே பதில் வரும். "வலி இல்லை" என்று நோயாளி நிம்மதியாகச் சொல்லும் இடத்தில் நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

படி 2: கணுக்கால் அழுத்தமும் கையின் அழுத்தமும்

கையடக்க டாப்ளர் கருவி (இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைப்பது), ஜெல், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஆகியவை தேவை. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் ஓய்வெடுக்க விடுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். நடந்து வந்த உடனே எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதலில் இரண்டு கைகளிலும் மேல் அழுத்தத்தை (சிஸ்டாலிக்) டாப்ளர் கொண்டே எடுங்கள். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றுங்கள். அந்த இடத்தில் புண் இருந்தாலோ, காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலோ பட்டையைச் சுற்றி இறுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

ஜெல் தடவி, டாப்ளர் முனையைத் தோலுக்குச் சுமார் 45 முதல் 60 பாகை சாய்வில் பிடியுங்கள். அழுத்தாதீர்கள், அழுத்தினால் குழாயே மூடிக்கொள்ளும். ஒலி தெளிவாகக் கேட்டதும் பட்டையில் காற்றை ஏற்றி, ஒலி நின்ற பிறகு இன்னும் 20 மில்லிமீட்டர் (பாதரச அளவு) ஏற்றி, மெதுவாக இறக்குங்கள். ஒலி முதன்முதலாகத் திரும்பக் கேட்கும் எண்தான் அந்தக் குழாயின் அழுத்தம். பாதத்தின் மேற்புறக் குழாய், உள்கணுக்காலின் பின்புறக் குழாய் இரண்டிலும் இதைச் செய்யுங்கள்.

இரண்டில் அதிகமான கணுக்கால் அழுத்தத்தை, இரண்டு கைகளில் அதிகமான அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. ஏ.பி.ஐ. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலின் தமனியில் அடைப்பு இருக்கிறது. 1.00 முதல் 1.40 வரை இயல்பு. இரண்டு குழாய்களில் குறைவாக வந்த அழுத்தத்தையும் தாளில் எழுதி வையுங்கள். புண் இருக்கும் பகுதிக்கு எந்தக் குழாய் இரத்தம் தருகிறது என்று மருத்துவர் பார்க்கும்போது அது உதவும்.

எண்ணோடு ஒலியையும் கேட்கப் பழகுங்கள். நலமான தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று பகுதிகளாக, துள்ளலான ஒலி வரும். அடைப்புக்குக் கீழே அது ஒரே மந்தமான வீச்சாகிவிடும். இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்ட காது, எண் ஏமாற்றும் இடத்தில் கைகொடுக்கும்.

எண் ஏமாற்றுமா? சர்க்கரை நோயில் நன்றாகவே ஏமாற்றும். பல ஆண்டு நோயிலும் சிறுநீரகக் கோளாறிலும் காலின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, குழாய் விறைத்துவிடுகிறது. பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் மூடுவதில்லை. கணுக்காலில் 210 வரும், விகிதம் 1.50 ஆகும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து "நல்ல ஓட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். 1.40ஐத் தாண்டிய எண்ணை வைத்து இரத்த ஓட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இயல்பு வரம்புக்குள் வரும் எண்ணும் இதே காரணத்தால் பொய்யாக இருக்கலாம்.

படி 3: கால் கட்டைவிரலின் அழுத்தம்

விரல்களின் சிறு தமனிகளில் இந்தப் படிவு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் சர்க்கரை நோயாளியிடம் கட்டைவிரல் அழுத்தத்தை நான் அதிகம் நம்புகிறேன். விரலின் அடியில் சிறிய பட்டை, நுனிச் சதையில் ஒளி உணர்வி. பாதம் குளிர்ந்திருந்தால் எண் குறைந்து காட்டும் என்பதால், போர்வையால் மூடி வெதுவெதுப்பாக்கிய பிறகு அளவெடுங்கள். மரத்துப்போன பாதத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம், சுட்டாலும் நோயாளிக்குத் தெரியாது.

விரலுக்கும் கைக்குமான விகிதம் 0.70க்குக் கீழே வந்தால் இயல்பில்லை. மேலே சொன்ன 1.50 நோயாளிக்கு விரலில் 38 வந்தால், விகிதம் 0.27. ஒரே பாதம், இரண்டு எண்கள். உண்மையைச் சொல்வது இரண்டாவது எண்.

கட்டைவிரல் அழுத்தம் 30க்குக் கீழே, அல்லது கணுக்கால் அழுத்தம் 50க்குக் கீழே இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அவசரமாக அனுப்புங்கள்.

படி 4: தோலில் ஆக்ஸிஜன்

வசதியுள்ள இடங்களில் தோல்வழி ஆக்ஸிஜன் அளவியும் இருக்கும். புண்ணின் மேல் வைக்காமல், அருகில் உள்ள நல்ல தோலில் ஒட்ட வேண்டும். உணர்வி தோலைச் சூடாக்கி, அடியில் இருந்து கசியும் ஆக்ஸிஜனை அளக்கும். எண் நிலைக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதுவும் அவசரம்தான். வீக்கமோ கிருமித் தொற்றோ இருந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

படி 5: புண்ணை அளத்தல்

செத்த திசுவையும் சுற்றியுள்ள காய்ப்பையும் மருத்துவர் நீக்கிய பிறகே அளக்க வேண்டும். காய்ப்புக்குக் கீழே புண்ணின் பாதி ஒளிந்திருக்கலாம். நீக்கிய அன்று அளவு கூடும். வீட்டார் பயந்துபோவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிக நீண்ட நீளத்தையும், அதற்குச் செங்குத்தாக மிக அதிகமான அகலத்தையும் எடுத்துப் பெருக்குங்கள். நீள்வட்டப் புண் என்றால் 0.785ஆல் பெருக்கினால் பரப்பு உண்மைக்கு நெருங்கி வரும். எந்த முறையை எடுத்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். ஆழத்தைக் கிருமி நீக்கிய ஆய்வுக்கம்பியால் பாருங்கள். கம்பி கெட்டியாக எலும்பில் தட்டினால் எலும்பில் தொற்று இருக்கக்கூடும், அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிறகு படம். புண்ணின் அருகில் தேதி எழுதிய காகித ஸ்கேலை வைத்து, கேமராவை நேர்மேலே, அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில் பிடியுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் புண் சுருங்கித் தெரியும்.

படி 6: நான்காவது வாரக் கணக்கு

முதல் நாள் 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் 6. நான்கு வாரம் கழித்து 2.4க்கு 1.5 என்றால் 3.6. பார்க்கிறவர்கள் எல்லோரும் "நன்றாகச் சுருங்கிவிட்டது" என்பார்கள். கணக்கில் 40 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது.

நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் 53 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 விழுக்காடு 12 வாரத்திற்குள் முழுதாக ஆறின. அந்த அளவு சுருங்காதவற்றில் ஆறியது 9 விழுக்காடு மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்காகத்தான் ஸ்கேலைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பாதியாகக் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் சிகிச்சையைத் திரும்பப் பாருங்கள். புண்ணின் மேல் உடல் எடை விழாதபடி செருப்போ கட்டோ உண்மையிலேயே காக்கிறதா? தொற்று இருக்கிறதா? சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தும் 4 முதல் 6 வாரத்தில் புண் ஆறும் வழிக்கு வரவில்லை என்றால், முன்பு எடுத்த அழுத்தங்கள் நன்றாக இருந்தாலும் இரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அடைப்பு நீக்கும் சிகிச்சை முடிந்து நோயாளி திரும்பி வந்தால் படி 2இலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். அழுத்தம் சீக்கிரமே ஏறிவிடும். தோலின் ஆக்ஸிஜன் ஏறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் நாள் எண்ணைப் பார்த்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதிவிடாமல், மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் உணர்வியை ஒட்டி இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.